தொகுப்புத் தட்டு

இசைத்தட்டு சேகரிக்கிறவர்களுக்குள் பந்தி வித்தியாசம் உண்டு என்பது வெளியாருக்கு எளிதில் தெரியாது. ஒரு படத்துக்கென்றே வெளிவந்த தட்டு, ஒரு வித்துவானின் கச்சேரியை முழுதாகப் பதிந்த தட்டு, முதல் அச்சில் வந்த தட்டு இவையெல்லாம் முதல் பந்தியில் உட்காரும். மறு அச்சுகளுக்கு இரண்டாம் பந்தி. பல பழைய தட்டுகளிலிருந்து பாட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, மேலே ஒரு அலங்காரமான உறையைப் போட்டு, ‘பொன்னான கீதங்கள்’ என்கிற மாதிரி ஒரு பெயரையும் வைத்துக் கம்பெனிகள் வெளியிட்டனவே, அந்தத் தொகுப்புத் தட்டுகள் வாசல் திண்ணையில் காத்திருக்க வேண்டியதுதான். பந்தி முடிந்து மிச்சம் இருந்தால் இலை போடுவார்கள்.

இந்த வழக்கம் நியாயம்தானா என்று யோசிக்கும்படி சமீபத்தில் ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. ஆவடியில் எனக்கு ஒரு சிநேகிதர். 1961-ல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டதல்லவா, அதில் 1966-ல் வேலைக்குச் சேர்ந்து, நாற்பது வருஷம் இரும்போடு மல்லாடிவிட்டு ஓய்வு பெற்றவர். டாங்கிகள் போடுகிற சத்தத்தில் பகலைக் கழித்ததாலோ என்னவோ, மாலை நேரத்தைச் சங்கீதத்துக்கென்று ஒதுக்கி வைத்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய தட்டுகள் சுமார் இருநூறு. இப்போது வீட்டைக் காலி செய்துவிட்டு அம்பத்தூரில் மகளுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறார். அங்கே அலமாரிக்கு இடமில்லை. ஆகவே தட்டுகளை விற்றுவிடுவது என்று தீர்மானித்து, உடனிருக்கச் சொல்லி என்னையும் கூப்பிட்டார்.

வாங்க வந்த வியாபாரி தொழில் தெரிந்தவர். ஒவ்வொரு தட்டையும் உறையிலிருந்து விளிம்பைப் பிடித்து எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நடுத் துவாரத்தைச் சுற்றி ஊசித் தண்டு உராய்ந்த தடம் எவ்வளவு என்று கவனித்தார். எண்பதுகளில் வந்த இளையராஜா தட்டுகளைத் தனியாக அடுக்கினார். படத் தட்டுகளை இன்னொரு பக்கம் வைத்தார். பிறகு ஒரே ஒரு தட்டை மட்டும் ஓரமாகத் தள்ளினார்.

“இது போகாது சார். தனிப் படமா இருந்தா கேக்கறாங்க. இது ஹிட்ஸ் பிளேட்டு. போதாக்குறைக்கு லேபிள்ல பேனாவால வேற எழுதி வெச்சிருக்காரு.”

சிநேகிதர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த இருநூறு தட்டுகளில் அவர் அதிகம் போட்டுக் கேட்டது அதைத்தான் என்பது எனக்குத் தெரியும்.

வியாபாரியின் கட்சியை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை. அதில் உண்மை இருக்கிறது. தொகுப்பு என்பது கம்பெனிக்குச் செலவில்லாத சரக்கு. பாடினவர்களுக்கு ஸ்டூடியோ வாடகை கொடுக்க வேண்டாம். வாத்தியக்காரர்களைக் கூட்ட வேண்டாம். கிடங்கில் தூங்குகிற பழைய தட்டுகளை எழுப்பி மறுபடி விற்கலாம். இப்படி விற்றவை ஆயிரக்கணக்கில் அச்சானதால் அபூர்வமும் அல்ல. அபூர்வம் இல்லாத பொருளுக்குச் சேகரிக்கிறவன் ஏன் பணம் கொடுப்பான்? சந்தைக் கணக்கு இவ்வளவுதான். அதை நான் மறுக்கவில்லை. சந்தைக்கு ஒரு கணக்கு என்றால் காதுக்கு வேறு கணக்கு இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

தொகுப்புத் தட்டு எப்படிப் பிறந்தது என்பதை வாசகர்கள் சற்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பழைய அரக்குத் தட்டு நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்றுச் சுற்றும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் பாட்டு அடங்கும், அவ்வளவுதான். கீழே விழுந்தால் அப்பளம். 1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி வினைல் என்னும் பிளாஸ்டிக்கில் நெடுந்தட்டைக் கொண்டுவந்தது. அது நிமிஷத்துக்கு 33⅓ சுற்று. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும். நம் நாட்டுக்கு அது ஐம்பதுகளின் கடைசியில் வந்து சேர்ந்தது. அப்போது கம்பெனிகளின் கையில் அரை நூற்றாண்டுப் பாட்டு அரக்கில் கிடந்தது. ஆறு அரக்குத் தட்டுகளின் இரண்டு பக்கமும் சேர்ந்தால் பன்னிரண்டு பாட்டு. ஒரு நெடுந்தட்டுக்குக் கச்சிதமான அளவு. தொகுப்புத் தட்டு கலையினால் பிறந்ததல்ல, கணக்கினால் பிறந்தது.

அதை வாங்கினவர்களும் கணக்குப் போட்டவர்கள்தாம். மேற்கே ரயில் பாதையை ஒட்டி 1950, 60-களில் எழுந்த ஊர்களை எண்ணிப் பாருங்கள். அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை, டயர் தொழிற்சாலை, பிறகு தொழிற்பேட்டை, பாடியில் மோட்டார் உதிரிப் பாகங்கள், ஆவடியில் டாங்கி. மாதச் சம்பளக்காரர்களின் ஊர்கள். எச்.எம்.வி. ஃபியெஸ்டா பெட்டி ஒன்றைத் தவணையில் வாங்குவதே ஒரு குடும்ப வைபவம். அதற்கப்புறம் தட்டு வாங்க வேண்டுமே! ஒரு படத்துக்கு ஒரு தட்டு என்று வாங்கக் கட்டுப்படியாகாது. பிடித்த பாட்டு இரண்டுக்காகப் பிடிக்காத நாலையும் சேர்த்து வாங்குவதா? பன்னிரண்டு பாட்டும் தேறினதாக உள்ள ஒரு தட்டு அவர்களுக்கு வரப்பிரசாதம். இன்று பணக்காரச் சேகரிப்பாளர் திண்ணையில் உட்கார வைக்கிற அந்தத் தட்டு, சம்பளக்காரன் வீட்டில் நடுக்கூடத்தில் இருந்தது.

சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் மூர் மார்க்கெட் இருந்த காலத்தில் பழைய தட்டுகளுக்கு அதுதான் சந்தை. ஆவடி வண்டியில் வந்து இறங்கினால் நாலு எட்டில் போய்விடலாம். 1985 மே மாதத்தில் அது எரிந்து போயிற்று. அந்த மனையில்தான் இன்று புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. மூர் மார்க்கெட் வளாகம் என்பதே அதற்குப் பெயர். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் போகிற ஜனங்கள் பழைய தட்டுக் கடைகள் இருந்த இடத்தின் மேலேதான் தினமும் வண்டி பிடிக்கிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தொகுப்பு என்றால் மட்டம் என்று தமிழன் சொல்லலாமா? நம்முடைய ஆதி இலக்கியமே தொகுப்புத்தானே! எட்டுத்தொகை என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். யார் யாரோ எந்தெந்தக் காலத்திலோ பாடியவற்றை அடியளவு பார்த்துப் பிரித்தார்கள். நாலடி முதல் எட்டடி வரை உள்ளவை குறுந்தொகையில். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணையில். அதற்கு மேற்பட்டவை அகநானூற்றில். அரக்குத் தட்டுக்கு மூன்று நிமிஷம் போல அதற்கு ஓர் அளவு. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்கிறார்கள்; அவரைப் பற்றி வேறொன்றும் தெரியாது. ஆனால் அவர் கழித்துவிட்டதை நாம் பார்க்கவில்லை. வைத்துக்கொண்டதைத்தான் இரண்டாயிரம் வருஷமாகக் கொண்டாடுகிறோம். தமிழில் முதல் இலக்கிய விமரிசகர் யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன். ஒரு வரி அபிப்பிராயம்கூட அவர் எழுதி வைக்கவில்லை. எது இருக்க வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானித்ததே அவருடைய விமரிசனம்.

ஆகவே ஒரு தொகுப்புத் தட்டை எடை போடுவதற்கு முதல் அளவுகோல் இதுதான்: அதைத் தொகுத்தவனுக்குக் காது இருந்ததா?

சிநேகிதரின் தட்டை இந்தக் கேள்வியோடு ஓர் இரவு முழுவதும் கேட்டேன். முதல் பக்கம் எஸ்.ஜி. கிட்டப்பாவில் ஆரம்பிக்கிறது. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரனுக்கும் எட்டும்படி பாடிப் பழகிய குரல். 1933-ல் இருபத்தேழு வயதில் மறைந்துவிட்டார். தட்டில் அந்தக் குரல் எழும்போது, பதிவுக் கருவியையே கொட்டகை என்று நினைத்துப் பாடுகிறாற்போல் தோன்றுகிறது. ஒரு தாழ்ந்த கதவுக்குள் யானை நுழைகிற அவஸ்தை. அடுத்தாற்போல் ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம். மணிக்கணக்காகத் தோடி வாசித்தவரை நிமிஷக் கணக்கில் அடைத்தார்களே என்று கோபம் வரலாம். ஆனால் அவர் குறுகிய இடத்தில் விஸ்தாரத்தைச் சுருக்கவில்லை. விஸ்தாரத்தின் முகப்பை மட்டும் காட்டிவிட்டுப் போகிறார். உள்ளே எத்தனை கட்டு இருக்கிறது என்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியது. கிட்டப்பாவுக்குப் பின் இதை வைத்தவன் விஷயம் தெரிந்தவன். கதவை இடித்துக்கொண்டு நுழையும் கலை ஒன்று, வாசலிலேயே நின்று வசப்படுத்தும் கலை ஒன்று. இரண்டும் அடுத்தடுத்து வரும்போது மூன்று நிமிஷம் என்னும் விலங்கு ஒவ்வொருவரை எப்படி நடக்க வைத்தது என்பது புரிகிறது. தனித்தனித் தட்டில் கேட்டால் இந்த ஞானம் கிடைக்காது.

என்.சி. வசந்தகோகிலத்தின் பாட்டு நாலாவதாக வருகிறது. தொகுப்பின் உயிர் நிலை இதுதான் என்பது என் தீர்மானம். 1919-ல் பிறந்து, 1951-ல் காசநோயில் மறைந்தவர், முப்பத்திரண்டு வயது. கச்சேரி மேடையில் பெரும் பெயர் வாங்கினவர். ஆயினும் இன்று நமக்கு அவர் பெரும்பாலும் அரக்குத் தட்டுகளின் மூலமாகத்தான் கிடைக்கிறார். உச்ச ஸ்தாயியில் குரல் போகும்போது நமக்கெல்லாம் ஒரு பயம் வரும், இது எங்கே கிழிந்துவிடுமோ என்று. அவர் குரல் அங்கே போனதும் இன்னும் மெல்லியதாகி, ஆனால் இன்னும் நிச்சயமாகி நிற்கிறது. வார்த்தைகளை மென்று விழுங்காமல் முழுதாகக் கொடுக்கிறார். மூன்று நிமிஷமும் அவருக்குச் சிறையாகவே தோன்றவில்லை. அளவெடுத்துத் தைத்த ரவிக்கை போல் பொருந்துகிறது. அற்பாயுசில் போனவர்களை அரக்கு காப்பாற்றியது. அரக்கு உடைந்தபோது தொகுப்புத் தட்டு காப்பாற்றியது. ஆவடியில் ஒரு தொழிலாளி வீட்டில் அந்தக் குரல் ஐம்பது வருஷம் ஒலித்ததென்றால், முதல் பந்தித் தட்டுகள் எதுவும் அதைச் செய்யவில்லை.

இனி குறைகளைச் சொல்ல வேண்டும். இரண்டாம் பக்கத்தில் பாகவதர் பாட்டு மூன்றைத் தொடர்ச்சியாகப் போட்டிருக்கிறார்கள். எம்.கே. தியாகராஜ பாகவதரின் குரலில் தேன் இருக்கிறது, வாஸ்தவம்தான். தேனையே சாப்பாடாகப் பரிமாறினால்? மூன்றில் ஒன்றை எடுத்து வசந்தகோகிலத்துக்கு அடுத்து வைத்திருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்! 1944-ல் வந்த ‘ஹரிதாஸ்’ படத்தில் கணவனும் மனைவியுமாக நடித்த இருவரையும் தட்டின் இரண்டு பக்கத்தில் பிரித்து வைத்துவிட்டார்கள். இந்த இடத்தில் தொகுத்தவனின் காதை விற்பனை இலாகா பிடித்து இழுத்திருக்கிறது என்று எண்ணுகிறேன்.

அதைவிடப் பெரிய குறை உறையில் இருக்கிறது. பாட்டு உண்டு, பாடினவர் பெயர் உண்டு. பிடில் யார், மிருதங்கம் யார், எந்த வருஷத்துப் பதிவு, முதலில் எந்தத் தட்டில் வந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. தொகுப்புத் தட்டுகளில் மிகப் பலவற்றின் லட்சணம் இதுதான். 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிந்தபோது, பாட்டின் கடைசியில் தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார். பதிவு ஜெர்மனிக்குப் போய் அச்சாக வேண்டும். அங்கே உள்ளவர்களுக்கு யார் பாட்டென்று தெரிய வேண்டும் என்பதற்காக. அந்த முதல் நாளிலேயே, பெயர் இல்லாவிட்டால் குரல் அநாதை என்று தெரிந்திருந்தது. குறுந்தொகையிலும் சில புலவர்களின் பெயர் தொலைந்துதான் போயிற்று. ஆனால் அவர்கள் பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் பெயர் சூட்டி மரியாதை செய்தார்கள். நம் கம்பெனிகளுக்கு அந்த மரியாதைகூடத் தோன்றவில்லை.

இன்னொன்று வேகம். எழுபத்தெட்டு என்று சொல்கிறோமே தவிர, ஆதி காலத் தட்டுகள் எல்லாம் சரியாக எழுபத்தெட்டில் பதியப்பட்டவை அல்ல. முன்னே பின்னே இருக்கும். அதைக் கவனிக்காமல் மாற்றினால் சுருதியே மாறும். ஒரு பாடகரின் குரல் அரைக் கட்டை ஏறிவிட்டால் அவர் பாட்டு மட்டுமல்ல, அவர் சுபாவமே மாறினாற்போல் ஆகிவிடும். அரக்கின் இரைச்சலைக் குறைக்கிறோம் என்று மேல் ஓசைகளைச் சீவிவிடுவது மற்றொரு பாவம். இரைச்சலோடு தம்புராவும் போய்விடுகிறது. ஒற்றை ஒலிப் பதிவை ஸ்டீரியோ மாதிரி பாவனை செய்து இரண்டாகப் பிரித்து வெளியிட்டவர்களும் உலகத்தில் உண்டு. நல்ல வேளை, சிநேகிதரின் தட்டுக்கு அந்த விபத்து நேரவில்லை.

இவ்வளவையும் சிநேகிதரிடம் சொன்னபோது அவர், “அப்படின்னா நீங்களே ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்க. விலை அப்புறம் பார்க்கலாம்” என்றார். விற்பனைக் குறிப்பு என்பது நான் எழுதிப் பழகாத இலக்கியம். உட்கார்ந்த பிறகு தெரிந்தது, விமரிசனத்தில் இதைப் போல் கடுமையான வகை வேறு இல்லை என்று. புத்தக மதிப்புரையில் பொய் சொன்னால் வாசகன் ஒரு மாலைப் பொழுதை இழப்பான்; விற்பனைக் குறிப்பில் பொய் சொன்னால் தட்டு திரும்பி வந்துவிடும்.

நான் எழுதியது இது:

‘நெடுந்தட்டு ஒன்று. 12 அங்குலம், ஒற்றை ஒலி. பழைய அரக்குத் தட்டுகளிலிருந்து தொகுத்த 12 பாட்டுகள். வளைவில்லை. முதல் பக்கம் மூன்றாவது பாட்டில் ஒரு கீறல். ஏழெட்டுத் தடவை சத்தம் வரும், ஊசி துள்ளாது. நாலாவது பாட்டு சுத்தமாக இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் அரக்கின் இரைச்சல் மூலத்திலேயே உள்ளது, தட்டின் குற்றமல்ல. உறையின் அடி மூலையில் ஈரக் கறை. 2015 டிசம்பர் மழையில் ஏற்பட்டது. பக்கவாத்தியக்காரர் பெயர்கள் உறையில் இல்லை. லேபிளில், வாங்கினவர் கையெழுத்தில், 1974 தீபாவளி போனஸ் என்று எழுதியிருக்கிறது. விலை 400 ரூபாய்.’

கடைசி வரிக்கு முந்தினதை எடுத்துவிடலாம் என்று வியாபாரி யோசனை சொன்னார். லேபிளில் பேனா எழுத்து இருந்தால் தரம் ஒரு படி இறங்கும் என்பது சேகரிப்பாளர்களின் சட்டம். நான் இணங்கவில்லை. பழைய ஏட்டுச் சுவடிகளில் எழுதினவன் பெயரும் வருஷமும் கடைசி ஏட்டில் இருந்தால் ஆராய்ச்சிக்காரர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். கம்பெனி போடாத வருஷத்தை இந்தத் தட்டில் ஒரு தொழிலாளி போட்டிருக்கிறார். இந்தத் தட்டைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்த ஒரே சரித்திரம் அதுதான்.

இப்போது தொகுப்புக்கே அவசியமில்லை, எல்லாம் கைப்பேசியில் இருக்கிறது என்பார்கள். இருக்கலாம். 2017-ல் பழைய கிராமபோன் கம்பெனியின் வாரிசான சரிகம நிறுவனம் ‘காரவான்’ என்று ஒரு பெட்டியை வெளியிட்டது. அதற்குள் 5,000 பாட்டுகள். பெரியவர்களுக்கு அது பெரிய சௌகரியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஐயாயிரம் என்பது களஞ்சியம், தொகுப்பு ஆகாது. பன்னிரண்டுதான் இடம் என்றால்தான் பதின்மூன்றாவதைக் கழிக்கிற வேதனை வரும். அந்த வேதனை இல்லாத இடத்தில் ரசனைக்கு வேலை இல்லை. பாட்டு முடிந்ததும் இன்னொரு பாட்டைத் தானாகவே தேடி வைக்கிற யந்திரம், நமக்குப் பிடித்ததைத் தருகிறதே ஒழிய, ராஜரத்தினத்தைக் கிட்டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு பேரையும் பார் என்று சொல்வதில்லை.

தட்டு விற்றுப்போயிற்று. வாங்கினவர் பூவிருந்தவல்லியிலிருந்து வந்த இளைஞர். விலையில் பேரம் செய்யவில்லை. நாலாவது பாட்டை மட்டும் போடச் சொல்லிக் கேட்டார். முடிந்ததும், “பிடில் யாருங்க வாசிக்கிறது?” என்றார். எங்கள் மூவருக்கும் பதில் தெரியவில்லை. கேட்டது சரியான கேள்வி. அவரிடம் போனதில் சிநேகிதருக்குத் திருப்திதான். பணத்தை எண்ணாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பழைய தட்டுகளை விற்க நேர்கிறவர்கள் இனிமேல் அதிகமாவார்கள். வீடுகள் சிறுத்துவிட்டன, சேர்த்தவர்களுக்கு வயதாகிவிட்டது. விற்பதில் தவறொன்றுமில்லை. அலமாரியில் ஊமையாக நிற்பதைவிட, கேட்கிற வீட்டுக்குப் போவது தட்டுக்கு நல்லது. அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. தட்டை அனுப்புமுன், அதைப் பற்றி நீங்கள் அறிந்ததை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உறைக்குள் வையுங்கள். எப்போது வாங்கியது, எங்கே வாங்கியது, எந்தப் பாட்டுக்காக வாங்கியது, பக்கவாத்தியம் இன்னாராக இருக்கலாம் என்று யாராவது சொல்லக் கேட்டதுண்டா, எல்லாவற்றையும் எழுதுங்கள். லேபிளில் மட்டும் வேண்டாம், வியாபாரிகள் வருத்தப்படுகிறார்கள்.